ஆமென் சொல்லத் தயங்காதே

அன்பு மகளுக்கு,

வெள்ளையர் நிறைந்த அந்தக் கிறிஸ்தவக் கல்லூரியில் எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் “எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா” என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

கல்லூரி சேப்பல் ஆராதனையில் பிரசங்கத்தின் நடுவே வாய்விட்டு ‘ஆமென்’ சொன்னாயாம், முன்வரிசைகள் முழுக்கத் திரும்பிப் பார்த்தனவாம். அதிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று உன் தங்கை சொன்னாள். மற்றதெல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும், இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நம் சபை பிறந்த கதையை ஞாயிறு பள்ளியில் படித்தவள் நீ. பிலடெல்பியாவில் வெள்ளையரின் மெதடிஸ்ட் ஆலயத்தில் முழங்காலில் நின்ற நம் கறுப்பினத்தவரை, ஜெபம் முடியும்வரைகூடப் பொறுக்காமல் பிடித்து எழுப்பினார்கள். அங்கே போதித்துவந்த ரிச்சர்ட் ஆலனும் மற்றவர்களும் வெளியேறினார்கள். 1794இல் அவருடைய பெத்தேல் ஆலயம் வந்தது, 1816இல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபை என்று நமக்கென்றே ஒரு திருச்சபை உண்டானது. கைதட்டுவதும் போதகருக்குக் குரல் கொடுப்பதும் ஒழுங்கு தெரியாமல் வந்த பழக்கம் இல்லை. உன் பாட்டிமார் ஜெபித்த விதம் அது. உங்கள் சேப்பலில் கிட்டார் வைத்துப் பாடுகிறார்களே, அதுவும் ஒரு வழக்கம்தான். வேதத்தில் விதித்த முறை ஒன்றும் இல்லை.

அப்புறம் அந்தப் படம். கல்லூரி விளம்பரத்துக்கு உன்னை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அறைத்தோழி கேட்காமல் உன் பின்னலைத் தொடுகிறாள் என்று நீ சொன்னபோது மட்டும் “அன்பாகத்தானே தொடுகிறாள், பொறுத்துக்கொள்” என்றார்கள். அன்பு, மன்னிப்பு, ஐக்கியம் என்ற நல்ல வார்த்தைகளையே வைத்து ஒரு பெண்ணின் வாயை அடைத்துவிடலாம். வேறு இடத்தில் புகாராக இருப்பது இங்கே விசுவாசக் குறைவு ஆகிவிடுகிறது.

இது உன் மனப்பிரமை இல்லையம்மா. இல்லினாயில் உள்ள வீட்டன் கல்லூரியை 1860இல் தொடங்கியவர்கள் அடிமை முறையை எதிர்த்தவர்கள். அங்கேயே 1939இல் தகுதியுள்ள ஒரு கறுப்பினப் பெண் சேருவதை அன்றைய தலைவர் பஸ்வெல் தடுத்தார். கல்லூரி அதை ஒப்புக்கொண்டு நூலகத்திலிருந்து அவர் பெயரை எடுத்தது 2023இல்தான். தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம், வெவ்வேறு இன மாணவர்கள் காதலிக்கக் கூடாதென்ற விதிக்காக வரிச்சலுகையையே இழந்தது. 1983இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்ற பிறகும் 2000 வரை அதை விடவில்லை. இரண்டு இடத்திலும் வேதம் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

சரி, இனி செய்ய வேண்டியதைப் பார்ப்போம். பக்கத்து ஊரில் நம் சபை ஆலயம் ஒன்று இருக்கிறது. போதகரின் மனைவியிடம் பேசிவிட்டேன். ஞாயிறு காலை உன்னை அழைத்துப்போக கார் வரும். சாப்பிட வைத்துத்தான் அனுப்புவார்கள், முடி பின்னிவிடவும் ஆள் உண்டு. உன் படத்தைப் போடக் கூடாதென்றால் எழுதிக் கொடு. அடிமை முறை பற்றிய பாடம் வந்ததும் வகுப்பே உன் பக்கம் திரும்பினால் நீ வாய் திறக்க வேண்டியதில்லை. பாடம் நடத்துவது ஆசிரியரின் வேலை.

வருடக் கடைசியில் அட்லாண்டாவின் ஸ்பெல்மனுக்கு மாறத் தோன்றினால் சொல். 1881இல் ஒரு கறுப்பினச் சபை ஆலயத்தின் கீழ்த்தளத்தில், நம் பெண்களுக்கென்றே தொடங்கிய கல்லூரி அது. இங்கேயே படித்து முடிக்கிறேன் என்றாலும் எனக்குச் சம்மதம். பணத்தை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம். பாதியில் ஓடிவந்துவிட்டாள் என்று உன்னை ஒருவரும் பேச விடமாட்டேன்.

அன்புடன்,
அம்மா