முதல் ஹெல்மெட்: சேகருக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தின் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் பயிற்சியை முடித்துவிட்டு, அடுத்த சீசனில் சலூன் கார் (கூரையோடு மூடிய கார்) புதுமுகப் பிரிவில் இறங்கப்போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. நாற்பதுக்கு மேல் ஆரம்பிப்பது கிறுக்குத்தனமா என்று கேட்டிருக்கிறாய். இல்லை. நீ கண்ணாடி போடுகிறவன் என்பதுதான் எனக்கு முக்கியமான தகவல். அதற்குப் பின்னால் வருகிறேன்.

பைக்குக்கு வாங்கி வைத்திருக்கும் அந்த விலையுயர்ந்த ஹெல்மெட்டையே காருக்கும் போட்டுக்கொள்ளலாமா என்பதுதானே உன் முதல் கேள்வி? கூடாது. ஹெல்மெட் மட்டம் என்பதால் அல்ல, அது வேறு விபத்துக்காகச் செய்யப்பட்டது என்பதால். பைக்கிலிருந்து விழுகிறவன் தலை சாலையில் மோதி உருளும், தேயும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐரோப்பாவின் இ.சி.இ. 22.06-ம் அதைத்தான் சோதிக்கின்றன. காருக்குள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவன் எங்கும் போய் விழுவதில்லை. அவன் தலை பக்கத்திலிருக்கும் ரோல் கேஜ் (கார் உருண்டாலும் நசுங்காமலிருக்க உள்ளே போடும் இரும்புக் கூண்டு) குழாயில் மோதும், அதே இடத்தில் மறுபடியும் மோதலாம். அதற்கு மேல் தீ. பைக் ஹெல்மெட்டின் உள்துணி சாதாரண பாலியஸ்டர். சூடு பட்டால் உருகி முகத்தில் ஒட்டும். கார் பந்தயத்துக்கான எஸ்.ஏ. தர ஹெல்மெட்டில் உள்துணி, தாடைவார், வைசர் எல்லாமே தீச்சோதனையைக் கடந்திருக்க வேண்டும். ரோல் கேஜ் குழாய் போன்ற உருளையில் மோதும் சோதனையும் அதற்கு உண்டு.

எஸ்.ஏ. என்பது அமெரிக்காவின் ஸ்னெல் அறக்கட்டளை தரும் முத்திரை. பீட் ஸ்னெல் என்பவர் 1956-ல் ஒரு கார் பந்தயத்தில், அன்றைய ஹெல்மெட் காப்பாற்றத் தவறியதால் இறந்துபோனார். நண்பர்கள் அடுத்த ஆண்டே அவர் பெயரில் இதைத் தொடங்கினார்கள். அவரும் தொழில்முறை ஓட்டுநர் அல்ல, உன்னைப் போல அமெச்சூர்தான். அதே முத்திரையில் எம் என்று எழுதியிருந்தால் மோட்டார் சைக்கிளுக்கு, கே என்றால் கார்ட் என்ற சின்னத் திறந்த பந்தய வண்டிக்கு. கே ஹெல்மெட் மோதலில் எஸ்.ஏ.வுக்குச் சளைத்ததல்ல, தீத்தடுப்பு மட்டும் இருக்காது. கார்ட்டில் பெல்ட் இல்லை, தீப்பிடித்தால் எழுந்து ஓடிவிடலாம். காரில் அது நடக்காது. உன் மகள் கார்ட் ஓட்டக் கேட்கிறாள் என்று எழுதியிருந்தாய். அவளுக்கு உன் ஹெல்மெட்டின் சின்ன சைஸை வாங்கிவிடாதே. பிள்ளைகளின் கழுத்துக்கென்று எடை குறைத்துச் செய்த சி.எம்.ஆர். என்ற தரம் தனியாக இருக்கிறது.

ஸ்னெல் ஏறத்தாழ ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தரத்தைப் புதுப்பிக்கும். 2010, 2015, 2020, 2025 என்று வரும். பழைய தர ஸ்டாக்கை யாராவது பாதி விலைக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். போட்டி அமைப்பாளர்கள் பொதுவாகக் கடைசி இரண்டு தலைமுறைகளைத்தான் ஏற்பார்கள், ஆகவே அந்த லாபம் ஓரிரு சீசனில் கரைந்துவிடும். உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் 8859-2015 முத்திரையும் இதற்கு இணையானதே. பல ஹெல்மெட்டுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். 8860 என்று தொடங்குவது ஃபார்முலா 1 வகையறா கார்பன் ஹெல்மெட். உனக்கு வேண்டாம். பணம் கொடுப்பதற்கு முன், இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அந்த ஆண்டுக்கு வெளியிட்ட விதிகளையும், உன் பந்தயத்தின் துணை விதிகளையும் எடுத்துப் படி. சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைத் தடமானாலும் கரியானாலும் ஸ்க்ரூட்டினியில் (பந்தயத்துக்கு முன் நடக்கும் பரிசோதனையில்) அவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது உள்துணிக்கு அடியிலுள்ள அந்த ஸ்டிக்கரைத்தான். போலி ஸ்டிக்கரும் புழங்குகிறது. அந்த மாடல் பெயர் ஸ்னெல் வெளியிடும் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிடு.

இனி அளவு. சேகர், தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. தையல்காரர் டேப்பை எடுத்து, புருவத்துக்கு 2.5 செ.மீ. மேலே நெற்றியில் வைத்து, காதுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்தலை அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றிக் கொண்டுவா. மூன்று தரம் அளந்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள். 57-58 செ.மீ. பெரும்பாலும் எம் சைஸ், 59-60 எல் சைஸ். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அந்தந்த அட்டவணையைத்தான் நம்ப வேண்டும். சுற்றளவு ஒன்றாக இருந்தாலும் தலை வடிவம் ஒன்றாக இருக்காது. போட்டதும் நெற்றி வலித்து, காதுக்கு மேல் இடம் காலியாக இருந்தால் உன் தலை நீள்வட்டம், ஹெல்மெட் உருண்டை. நெற்றிப்பொட்டு இரண்டும் நெரிபட்டு, முன்னும் பின்னும் ஆடினால் அதற்கு நேர்மாறு. இரண்டிலும் பெரிய சைஸுக்குப் போனால் தீராது, கம்பெனியையே மாற்ற வேண்டும். அராய், பெல், ஸ்டீலோ, ஸ்பார்கோ ஆகியவற்றின் உள்வடிவம் ஒன்றுபோல் இருக்காது. இந்த நான்கில் எது மேல் என்று கேட்காதே, உன் தலைக்கு எது பொருந்துகிறதோ அதுதான் மேல்.

கடைக்குப் போகும்போது பலாக்கிளாவாவை (ஹெல்மெட்டுக்குள் தலையையும் முகத்தையும் மூடும் துணி உறை) போட்டுக்கொண்டு முயன்று பார். அது இல்லாமல் சரியாக இருப்பது, அதோடு இறுக்கிவிடும். வாரைக் கட்டியபின் தலையை ஆட்டினால் நெற்றித்தோல் ஹெல்மெட்டோடு சேர்ந்து நகர வேண்டும். கன்னம் நன்றாக அழுந்த வேண்டும், பேசும்போது உள்கன்னம் பல்லில் படுகிற அளவு புதுசுக்குச் சரி. உள்பஞ்சு சில வாரங்களில் படிந்துவிடும், அதனால் புதிதில் சொகுசாக இருக்கும் ஹெல்மெட் பிறகு தொளதொளக்கும். பிறகு ஒருவரைப் பின்னால் நின்று ஹெல்மெட்டின் பின்விளிம்பைப் பிடித்து மேலாக முன்னோக்கி உருட்டச் சொல். புருவத்தைத் தாண்டி இறங்கினால் அது உனக்கு இல்லை. கழற்றாமல் அரை மணி நேரம் கடையிலேயே உட்கார். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். கழற்றியதும் நெற்றியில் ஒரு புள்ளியில் மட்டும் சிவந்திருந்தால், ஆறாவது லேப்பில் அங்கே தலைவலி பிடிக்கும். முழுவதும் லேசாகச் சிவந்திருந்தால் கவலையில்லை. கன்னப் பஞ்சு மட்டும் தடிமன் மாற்றிக் கிடைக்கும். மேல்பகுதி பொருந்திவிட்டால் கன்னத்தைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

கண்ணாடிக்கு வருகிறேன். வளைந்து காதைச் சுற்றும் பிரேம் ஹெல்மெட்டுக்குள் நுழையாது, நேராகப் போகும் மெல்லிய காம்புள்ளதைத் தேர்ந்தெடு. வைசர் திறப்பு அகலமாக இருக்கிறதா என்று கண்ணாடியோடே பார். திறந்த முகப்பு ஹெல்மெட் மூடிய காரில் அனுமதிக்கப்படுவதுண்டு, கண்ணாடிக்கும் அது சுலபம். ஆனால் ஸ்டீயரிங்கில் முகம் மோதினால் தாடையும் பல்லும் வெளியே இருக்கும். முழு முகப்பையே வாங்கு. திறந்தது ராலியில் நேவிகேட்டரோடு பேசுவதற்காகவே அதிகம் புழங்குகிறது. வைசர் தெளிவானது ஒன்று போதும். கறுப்பு வைசர் மதியத்துக்கு நன்றாக இருக்கும், மேகம் கவிந்தால் ஆபத்து. நம் ஊர் வெக்கைக்கு மேலே காற்று வாங்கும் துளை உள்ளதையே பார், இரண்டு பலாக்கிளாவா வைத்துக்கொண்டு ஈரமானதை மாற்றிக்கொள்.

ஹான்ஸ் என்ற கழுத்துக் காப்புக் கருவி இல்லாமல் ஹெல்மெட்டை நினைக்கவே கூடாது. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறரை கிலோ என்று வை. 40 ஜி (புவியீர்ப்பைப் போல் 40 மடங்கு) மோதலில் அது 260 கிலோவாகக் கழுத்தை முன்னே இழுக்கும். பெல்ட் உடலைப் பிடித்துவிடும், தலையை யார் பிடிப்பது? டேல் எர்ன்ஹார்ட் 2001-ல் டேட்டோனாவில் இறந்தது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்துதான். ராபர்ட் ஹப்பர்ட் என்ற பொறியாளரும் ஓட்டுநர் ஜிம் டவுனிங்கும் எண்பதுகளில் செய்த இந்தத் தோள்பட்டைக் கருவியின் இரு வார்கள், ஹெல்மெட்டின் பக்கவாட்டிலுள்ள எம்6 திருகுமுனைகளில் மாட்டும். அந்தத் துளை தொழிற்சாலையிலேயே போட்டு வந்திருக்க வேண்டும். ஒர்க்ஷாப்பில் டிரில் போடச் சொன்னால் ஓடிவிடு. சலூன் கார் சீட் நிமிர்ந்தது என்பதால் 20 டிகிரி ஹான்ஸ் போதும். ஃபார்முலா கார்போல் சாய்ந்து படுப்பதற்கு 30. வாங்கியதும் காருக்குள் பெல்ட் கட்டி உட்கார்ந்து, கூரைக்கும் சீட்டின் தலைப்பக்கத்துக்கும் இடம் இருக்கிறதா, இருபுறமும் காரின் பக்கக் கண்ணாடியைப் பார்க்கத் தலை திரும்புகிறதா என்று பார்.

எடைக்காகக் கார்பனுக்குக் காசு கொட்டத் தேவையில்லை. 100 கிராம் குறைந்தால் அதே 40 ஜி-யில் நான்கு கிலோ மிச்சம், நல்லதுதான். ஆனால் அந்தப் பணத்துக்கு நல்ல ஹான்ஸும் தீத்தடுப்பு உள்ளாடையும் வாங்கலாம்.

பழைய ஹெல்மெட் மட்டும் வேண்டாம். ஓட்டுக்குள் இருப்பது நாம் தெர்மோகோல் என்கிறோமே, அதன் உறவுதான். அடியை வாங்கி நசுங்கி உயிரைக் காக்கும், நசுங்கியது மீண்டும் எழாது, வெளியில் கீறல்கூடத் தெரியாது. அதே காரணத்தால் பெயிண்ட், தின்னர், பெட்ரோல் ஆவி பக்கத்தில் வைக்காதே, அவை அதைக் கரைக்கும். ஹெல்மெட் மேல் கேமரா ஒட்டாதே, பல விதிகளில் தடை. வியர்த்த உள்துணியைக் குழந்தை ஷாம்பூவில் வெதுவெதுப்பான நீரால் அலசி நிழலில் உலர்த்து.

வாரில் இரட்டை டி-வளையம் இருக்கும். இரண்டு வளையத்துக்குள்ளும் நுழைத்து, மேல் வளையத்தை விட்டுவிட்டு அடி வளையத்துக்குள் மட்டும் திருப்பி இழுக்க வேண்டும். முனையைப் பட்டனில் மாட்டுவது காற்றில் படபடக்காமல் இருக்கத்தான், அதை மட்டும் போட்டுவிட்டுக் கட்டியாயிற்று என்று நினைத்துவிடாதே.

சுற்றளவையும், தலைமுடியை நன்றாக அமுக்கி மேலிருந்து எடுத்த ஒரு படத்தையும் அனுப்பு. உருண்டையா நீள்வட்டமா என்று பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
ராஜு