சிறுவர் அறிவியல் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவிற்கு வருகை தந்துள்ள பெற்றோர்களுக்கும் குழந்தைகளுக்கும் வணக்கம். நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் சிறுவர் அறிவியல் வட்டம் இந்த ஆண்டு ஆற்றிய பணிகளைத் தங்கள் முன் வைக்கிறேன்.

சமையல் சோடாவில் எரிமலை பொங்கவைத்துக் கைதட்டல் வாங்குவதோடு நின்றுவிடாமல், வீட்டில் அன்றாடம் புழங்கும் பொருள்களைக் குழந்தைகளே செய்து, செய்ததைப் பயன்படுத்தியும் பார்க்க வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்திருந்தோம். அதன்படி எழுதும் மை, சோப்பு, பசை, சாக்பீஸ் ஆகியவை எடுத்துக்கொள்ளப்பட்டன.

குழந்தைகளை மிகவும் ஈர்த்தது மைதான். நாட்டு மருந்துக்கடையில் வாங்கிய கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்து, நீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்தப் பழுப்புநிறக் கஷாயத்தில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்தபோது அது கண்ணெதிரே கருத்தது. கடுக்காயிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் அன்னபேதியின் இரும்பும் இணைவதால் வரும் நிறம் இது. எழுதியபோது சற்று வெளிறியிருந்த எழுத்து மறுநாள் அழுத்தமாகத் தெரிந்ததற்குக் காற்றிலுள்ள ஆக்சிஜனே காரணம் என்பது விளக்கப்பட்டது. பிசின் கலக்காத மை தாளில் ஊறிப் பரவியதையும், கருவேலம் பிசினை ஊறவைத்துக் கலந்தபின் கோடு ஒழுங்காக நின்றதையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதி ஒப்பிட்டனர். இந்த மையை ஊற்றுப் பேனாவில் நிரப்பினால் அடைத்துக்கொள்ளும் என்பதால் தொட்டெழுதும் பேனாவே பயன்படுத்தப்பட்டது. சட்டையில் பட்ட கறை போகவில்லை என்ற தாய்மார்களின் முறையீடு நியாயமானதே. இனி மை செய்யும் நாளில் பழைய உடையில் அனுப்புமாறு வேண்டுகிறேன்.

சோப்பைப் பொறுத்தவரை, எண்ணெயைச் சோப்பாக மாற்றுவதும் தோலை அரிக்கக்கூடிய காரமுமான காஸ்டிக் சோடாவைக் குழந்தைகள் கையில் தருவதில்லை என்பதில் செயற்குழு உறுதியாக இருந்தது. 100 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 17 கிராம் காஸ்டிக் சோடா என்ற அளவில், கையுறையும் கண்ணாடியும் அணிந்த பெரியவர்களே அதனைச் சிறிது சிறிதாக நீரில் இட்டுக் கரைத்தனர். நீரை அதன்மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரிக்கும் என்பதால் எவர்சில்வர் பாத்திரம் பயன்படுத்தப்பட்டது. அச்சில் வார்த்த கட்டிகள் நான்கு வாரம் காயவைக்கப்பட்டன. பின்னர் மஞ்சள் தடவிய தாளை ஈரச் சோப்பின்மேல் வைத்ததும் அது சிவந்தது; காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பதால், காஸ்டிக் மிச்சமிருக்கிறது என்று குழந்தைகள் பதறினர். கடையில் வாங்கிய குளியல் சோப்பிலும் அதே தாள் சிவந்த பிறகுதான், சோப்பே காரத்தன்மை உடையது என்பதும், மிச்சக் காஸ்டிக்கைக் கண்டறிய மஞ்சள் தாள் போதாது என்பதும் புரிந்தது. இந்த ஆண்டில் நடந்த மிகச் சிறந்த பாடம் இதுவே என்பது என் கருத்து. அதே கட்டி மழைநீரில் நன்கு நுரைத்து, போர் தண்ணீரில் திரிந்து வெள்ளைப் படலமாக நின்றதைக் கொண்டு, நீரிலுள்ள கால்சிய, மெக்னீசிய உப்புகள் பற்றியும் பேச முடிந்தது.

பாலை வினிகரால் திரித்து, பிழிந்த திரளில் சமையல் சோடா கலந்து செய்த பசையால் உறைகள் ஒட்டப்பட்டன. ஓரிரு நாளில் அது நாற்றமெடுத்துவிட்டதால் அதிகம் சொல்வதற்கில்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த சாக்பீஸ்கள், இறுகும்போது அச்சு சூடானது உட்பட, எதிர்பார்த்தபடியே அமைந்தன. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று எல்லாப் பொருள்களும் சங்கக் கட்டடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

வரும் ஆண்டிற்கு மெழுகுவத்தி செய்வதைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. 1860ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் பாரடே சிறுவர்களுக்காகத் தொடங்கிய ஆறு சொற்பொழிவுகளும் ஒரு மெழுகுவத்தியைச் சுற்றியே அமைந்தவை என்பதால், செய்வதற்கும் கேட்பதற்கும் அதில் நிறையவே உண்டு. சோப்புப் பணியை வீடுகளில் தனித்தனியே செய்யாமல் சங்கக் கட்டடத்தில் மட்டுமே நடத்துவது என்ற தீர்மானமும் தங்கள் முன் உள்ளது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்