எங்கள் பிள்ளைகளின் புதன்கிழமை

நெதர்லாந்தில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து வாசலில் நின்றுகொண்டிருந்தோம். என் மகனுக்கு 10 வயது. அவன் வயதுப் பையன் ஒருவனிடம், "புதன்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வாவன், எல்லாரும் சேர்ந்து வாய்க்காலில் தெப்பம் விடப் போகிறார்கள்" என்றேன். "எனக்குப் புதன்கிழமை இல்லை, அன்ரி" என்றான். வருத்தமாகச் சொல்லவில்லை. எனக்கு அக்கா இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னான். அவனுடைய அம்மா விளக்கினார்: ஒன்றரைக்குக் கணக்கு ரியூசன், மூன்றரைக்கு டச்சு ரியூசன், அதற்குப் பிறகு மிருதங்கம்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் மூத்த மகளின் புதன்கிழமைகளை நானும் இப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அவளுக்கு இப்போது 19 வயது. அவளுக்கு அவற்றைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. உங்கள் பிள்ளைகள் இன்னும் சிறியவர்கள் என்பதால்தான் இந்த மடல்.

இங்கே பல ஆரம்பப் பள்ளிகளில் புதன்கிழமை பன்னிரண்டரை மணியோடு பாடம் முடிகிறது. அந்த நேரம் பள்ளி வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். இன்று யார் யாருடைய வீட்டுக்குப் போவது என்று பிள்ளைகளே பேசி முடித்துவிட்டுத்தான் அம்மாவிடம் வருகிறார்கள். போகிற வீட்டில் வெண்ணெய் பூசிய பாணின் மேல் ஹாகல்ஸ்லாக் என்ற சொக்லேற் தூவலைக் கொட்டித் தருவார்கள். இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு வெளியே ஓடினால் இருட்டும் நேரத்தில்தான் திரும்புவார்கள். மழை வந்தாலும் ஆட்டம் நிற்காது. "நீ என்ன, சீனியால் செய்த பிள்ளையா?" என்று கேட்டுக் கதவைத் திறந்துவிடுவது டச்சு வீடுகளில் வழக்கம். முதலில் இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது நானே என் மகனிடம் அதைச் சொல்கிறேன்.

டச்சுக்காரர் பிள்ளைகளைச் சும்மா விட்டுவிடுகிறார்கள் என்று நமக்குள் ஒரு பேச்சு உண்டு. யுனிசெப் 2007, 2013, 2020, 2025 ஆகிய ஆண்டுகளில் வசதியான நாடுகளின் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒப்பிட்டபோது நான்கு முறையும் நெதர்லாந்துதான் முதலிடத்தில் வந்தது. சும்மா விட்டு வந்த இடமா அது? 1971இல் இந்தச் சின்ன நாட்டின் வீதிகளில் சுமார் 3,300 பேர் செத்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டவர்கள் பிள்ளைகள். மகளை விபத்தில் இழந்த ஒரு பத்திரிகையாளர் 1972இல் எழுதிய கட்டுரையின் தலைப்பையே பெயராக வைத்துக்கொண்டு பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். "பிள்ளைக் கொலையை நிறுத்து" என்பது அந்தப் பெயர். பிள்ளைகளோடு நடுவீதியில் உட்கார்ந்து வாகனங்களை மறித்தார்கள். 1976இல் வோன்எர்ஃப் என்ற குடியிருப்புத் தெரு முறை சட்டத்தில் ஏறியது. அந்தத் தெருக்களில் விளையாடும் பிள்ளைக்கே முதல் உரிமை, கார் நடையின் வேகத்தில்தான் ஊர வேண்டும். இன்று என் மகன் தனியாகச் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் சிவப்புப் பாதையும் தானாக முளைத்ததில்லை. அதை அவனுக்காகச் சண்டை போட்டு வாங்கியவர்கள் யாரோ முன்பின் தெரியாத தாய் தகப்பன்மார்.

10, 11 வயதில், ஏழாம் குரூப் என்ற வகுப்பில், பிள்ளைகளுக்குப் போக்குவரத்துத் தேர்வு வைக்கிறார்கள். எழுத்துத் தேர்வும் உண்டு, சைக்கிளில் ஊரைச் சுற்றிக் காட்டும் தேர்வும் உண்டு. என் மகன் இப்போது அதற்குத்தான் பழகுகிறான். அவன் கையை நீட்டித் திரும்புவதைப் பார்க்கும்போது எனக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வருகிறது. பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் ஊரே சைக்கிளில்தானே ஓடியது. அப்பா மிதிக்க, நான் பாரில் இருந்து போயிருக்கிறேன். ஆனால் என் பத்து வயதில் தனியாக எங்கேயும் போக விட்டதில்லை. காரணம் உங்களுக்கே தெரியும். 1995 இடப்பெயர்வோடு என் பிள்ளைக்காலம் முடிந்தது. நம்மில் எத்தனையோ பேருக்கு அப்படித்தான். அந்தப் பயம் உடம்பில் இருந்ததால்தான் என் மகளை நான் வீட்டுக்குள்ளேயே வளர்த்தேன் என்று இப்போது புரிகிறது.

இந்த நாடும் போரைப் பார்த்ததுதான். ஆல்டோ வான் எய்க் என்ற கட்டடக் கலைஞர் 1947 தொடங்கிச் சுமார் 30 ஆண்டுகளில் ஆம்ஸ்டர்டாமில் 700க்கும் மேற்பட்ட விளையாட்டுத் திடல்களை வரைந்து கொடுத்தார். போருக்குப் பின் வெறுமையாய்க் கிடந்த வளவுகள் பலவற்றில் அவை எழுந்தன. ஒரு மணல் தொட்டி, குட்டிக்கரணம் அடிக்க இரண்டு இரும்புக் கம்பி, ஏறி உட்கார ஒரு வளைந்த சட்டம், அவ்வளவுதான். வீடுகளே போதாமல் சனங்கள் தவித்த ஆண்டுகளில் அந்த நகரம் பிள்ளைகளுக்கு மணல் கொட்டியிருக்கிறது. இதை நான் முதலில் அறிந்தபோது சிறிது நேரம் ஒன்றும் பேச முடியவில்லை.

நீச்சலில் மட்டும் நம்மவர்கள் யாரும் தயங்குவதில்லை, நல்லது. நாட்டில் கால்வாசி கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது, வீட்டுக்கு வீடு வாய்க்கால். ஏ, பி, சி என்று மூன்று டிப்ளோமா. உடுப்பும் சப்பாத்துமாகக் குளத்தில் இறங்க வேண்டும், தண்ணீருக்கு அடியில் தொங்கும் துணியின் ஓட்டைக்குள்ளால் நீந்தி வர வேண்டும். ஏ டிப்ளோமா நாளில் என் மகன் அந்த ஓட்டைக்குள் மறைந்து மறுபக்கம் தலை தூக்கும் வரை நான் மூச்சுவிடவில்லை.

அப்புறம் இந்த நாட்டுப் பிள்ளையின் ஆண்டு இருக்கிறதே, அதைத்தான் நாம் சரியாகப் பார்ப்பதில்லை. எங்கள் வட ஹொலண்டில் நவம்பர் 11ஆம் திகதி சின்ட் மார்டென். தாங்களே செய்த காகித விளக்குகளோடு வீடு வீடாகப் பாடிப் போய் இனிப்பு வாங்குவார்கள். அதற்குச் சில கிழமைகளில் நம் வாசலில் கார்த்திகை விளக்கீடு. இரண்டு விளக்கும் என் மகனுக்கு ஒரே பருவம். நவம்பர் நடுவில், பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவரும் சின்டர்கிளாஸ் என்ற தாத்தா கப்பலில் வந்து இறங்குவார். குதிரைக்கு ஒரு கரட் வைத்துச் சப்பாத்தை அடுப்படியில் விட்டுப் படுத்தால் காலையில் அதற்குள் ஏதாவது இருக்கும். டிசம்பர் 5 இரவு பரிசு. பரிசோடு பெயர் போடாத ஒரு பாட்டும் வரும், வாங்குகிறவரைக் கிண்டல் செய்து எழுதியது. ஒரு தகப்பன் தன் பிள்ளைக்கு எதுகை தேடி நடுச்சாமம் வரை விழித்திருக்கும் வழக்கம் தமிழருக்கு அந்நியமாகுமா?

இந்த விழாவின் ஒரு பக்கம் நம்மை நோகடித்ததையும் சொல்ல வேண்டும். முகத்தில் கறுப்பு மை பூசிய பீட் என்ற துணையாளின் பெயரைச் சொல்லி என் மகளை அவள் ஆறு வயதில் வகுப்பில் அழைத்தார்கள். அன்று அவள் அழுதது எனக்கு மறக்காது. ஆனால் அதையும் இந்த நாட்டு மக்களே பல ஆண்டு வாதாடி மாற்றிவருகிறார்கள். தொலைக்காட்சியில் காட்டும் தேசிய வருகை விழாவில் 2019 முதல் கன்னத்தில் கொஞ்சம் புகைக்கரி தீற்றிய பீட்டுகளைத்தான் பார்க்கிறோம். என் மகனுக்கு அந்தப் பழைய முகம் தெரியாது.

ஏப்ரல் 27 மன்னர் தினம். அன்று பிள்ளைகள் நடைபாதையில் போர்வை விரித்துத் தங்கள் பழைய விளையாட்டுச் சாமான்களை விற்பார்கள். மே, ஜூனில் ஆவொண்ட்ஃபீர்டாக்சே, நான்கு மாலை தொடர்ந்து நடை. ஒவ்வொரு மாலையும் 5 அல்லது 10 கிலோமீற்றர், வகுப்பு வகுப்பாகப் பாடிக்கொண்டு. பாதி வெட்டிய எலுமிச்சம்பழத்தில் பெப்பர்மின்ட் மிட்டாயைக் குத்திச் சூப்பிக்கொண்டே நடப்பார்கள். கடைசி மாலை ஊரே வீதியோரம் நின்று பூக்கொத்துக் கொடுக்கும், பதக்கம் கிடைக்கும்.

என் மகளை அந்த நடைக்கு நான் ஒருமுறையும் விடவில்லை. அந்தக் கிழமைகளில் அவளுக்கு ரியூசன் இருந்தது. அவள் கெட்டிக்காரி. உயர்நிலைத் தேர்வில் சித்தியடைந்தபோது எல்லா வீடுகளையும் போல நாங்களும் கொடியேற்றி, கொடிக்கம்பத்தில் அவள் புத்தகப் பையைக் கட்டித் தொங்கவிட்டோம். அயலவர் எல்லாரும் கை குலுக்கினார்கள். அன்று இரவு அவள் சொன்னாள், "அம்மா, வகுப்பில் எல்லாரும் அந்த எலுமிச்சம்பழத்தைப் பற்றிக் கதைக்கும்போது நான் தெரிந்ததுபோலச் சிரிப்பேன்." போன ஜூனில் தம்பியோடு தானும் நான்கு நாளும் நடந்தாள். எலுமிச்சம்பழத்தையும் அவள்தான் வெட்டினாள்.

உங்கள் பயம் எனக்குத் தெரியும். 12 வயதில், எட்டாம் குரூப்பில், பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் எந்தப் பிரிவுக்குப் போவது என்று பள்ளி பரிந்துரை எழுதுகிறது. நம் பிள்ளைகளைக் குறைத்து மதிப்பார்களோ என்ற பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். 2024 முதல், அந்த வகுப்பில் எழுதும் தேர்வின் முடிவு பரிந்துரையைவிட உயர்ந்திருந்தால் பள்ளி பரிந்துரையை உயர்த்த வேண்டும். உயர்த்தாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். கீழே தொடங்கிப் படிப்படியாக ஏறிப் போகும் வழிகளும் இருக்கின்றன. ரீச்சரிடம் போய்க் கேளுங்கள், வாதாடுங்கள். நானும் கூட வருகிறேன். பிள்ளைக்கு உண்மையிலேயே ஒரு பாடம் பிடிபடவில்லை என்றால் ரியூசனும் வையுங்கள். எல்லாப் பிள்ளைக்கும், எல்லாப் பாடத்துக்கும், ஏழு வயதிலிருந்தே வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர்களே, உங்கள் உழைப்பில்தான் என் மகன் தமிழ் வாசிக்கிறான். "கந்தோர்" என்ற சொல்லை அவன் உங்கள் வகுப்பில் கண்டுவிட்டு, "அம்மா, இது டச்சுச் சொல், கன்டோர்!" என்று கத்திக்கொண்டு வந்தான். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் என்று சொன்னேன். என் அப்பா கடைசிவரை அப்படித்தான் சொன்னார். இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு வீடும் ஒன்றோடொன்று ஒட்டியவை. ஆகையால் உங்களிடம் இரண்டு வேண்டுகோள். சின்டர்கிளாஸ் வந்திறங்கும் சனிக்கிழமையிலும் டிசம்பர் 5ஆம் திகதியிலும் பரீட்சை வைக்காதீர்கள். நடை நடக்கும் கிழமையில் வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள். அவ்வளவு போதும்.

கோயில் வாசலில் பேசிய அந்த அம்மாவுக்கு: தெப்பம் இன்னும் முடியவில்லை. ஒரு பக்கம் தாழ்கிறது, பாரம் சரிபார்க்க இன்னொரு பிள்ளை வேண்டும் என்கிறார்கள். வருகிற புதன்கிழமை ஒரு மணிக்கு என் மகன் பாலத்தடியில் நிற்பான். உங்கள் பையனிடம் மாற்றுக் காற்சட்டை ஒன்று மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
வட ஹொலண்டிலிருந்து ஒரு தாய்