மானியப் பட்டியலில் தெரியாத குத்தகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் கிராமப்புறக் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஒன்றில் யார் யாருக்கு எவ்வளவு வேளாண் மானியம் போயிற்று என்று தங்கள் இதழ் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். தொகைகளைப் பார்த்ததும் 'விவசாயிக்கு இவ்வளவா?' என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் பணம் யார் பெயரில் வந்தது என்பது வேறு, கடைசியில் யார் கையில் தங்கியது என்பது வேறு. கட்டுரை பெயரோடு நின்றுவிட்டதில் எனக்கு வருத்தம்.

அங்கே முக்கியமானவை 2014 வேளாண் சட்டம் கொண்டுவந்த இரண்டு மானியத் திட்டங்கள். பயிரின் விலை சரிந்தால் பணம் தருவது பி.எல்.சி. (விலை இழப்புக் காப்பு), பயிர் வருமானம் சரிந்தால் தருவது ஏ.ஆர்.சி. (வேளாண் இடர்க் காப்பு). இரண்டிலும் பணம் இந்த ஆண்டு வயலில் நிற்கும் பயிரைப் பார்த்து வருவதில்லை. அந்த நிலத்தில் முன்பு என்ன விளைந்தது என்ற பழைய பதிவுதான் கணக்கு. அதை 'பேஸ் ஏக்கர்' என்கிறார்கள். மக்காச்சோளம் என்று பதிவான நிலத்தில் இன்று சோயா விதைத்திருந்தாலும், மக்காச்சோள விலை விழுந்தால் பி.எல்.சி. பணம் வரும். நிலம் கைமாறினால் இந்தப் பதிவும் நிலத்தோடு புதியவருக்குப் போய்விடும்.

அந்நாட்டு விவசாய நிலத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் குத்தகையில்தான் ஓடுகிறது. ரொக்கக் குத்தகை (விளைச்சலில் பங்கு இல்லாமல் பணமாகத் தருவது) என்றால் மானியம் உழுபவருக்கே என்பது விதி. ஆனால் தன் நிலத்துக்கு என்ன வரும் என்று நிலக்காரருக்குத் தெரியாதா? அடுத்த முறை குத்தகை பேசும்போது அதில் ஒரு பங்கு குத்தகையில் ஏறிவிடுகிறது. பட்டியலில் பெயர் வாங்கிக்கொள்பவர் குத்தகைக்காரர்.

இது இன்று தொடங்கியதல்ல. 1933-ல் அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு விலையை உயர்த்துவதற்காகப் பருத்திச் சாகுபடியைக் குறைக்கச் சொல்லிப் பணம் கொடுத்தது. ஒப்பந்தம் நிலக்காரரோடு. வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு பேசி, உழுதவரின் பங்கும் நிலக்காரர் கை வழியாகத்தான் போக வேண்டும். பலருக்கு அது போய்ச் சேரவே இல்லை. சாகுபடி குறைந்தது, ஆளும் வேண்டாம் என்று எத்தனையோ குடும்பங்களை வெளியேற்றினார்கள். ஆர்கன்சா மாநிலம் பாயின்செட் கவுண்டியில் உள்ள டைரான்சா என்ற சிற்றூரில், 1934-ல் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்து தென்பகுதிக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்து ஆர்கன்சாவில் அப்படிச் சேர்ந்து உட்கார எவ்வளவு துணிச்சல் வேண்டும்! கவுண்டி மானியம் பற்றிய கட்டுரையில் இந்த ஊருக்கு ஒரு வரியாவது கொடுத்திருக்கலாம்.

இன்னொன்று. கவுண்டி அளவிலான ஏ.ஆர்.சி.யில் பார்ப்பது கவுண்டியின் சராசரிப் பயிர் வருமானத்தை. அந்தச் சராசரி, அதற்கென நிர்ணயித்த வருமானத்தில் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் பணம் (2025-ல் வந்த சட்டத்துக்கு முன்பு இது 86). ஒருவர் வயலை மட்டும் ஆலங்கட்டி மழை அழித்து, சுற்றிலும் நன்றாக விளைந்திருந்தால், இந்தத் திட்டத்தில் அவருக்கு ஒன்றுமில்லை. கிடைக்கிற பணமும் அறுவடைக்கு அடுத்த ஆண்டு அக்டோபரில்தான் வரும். பயிர்க் கடன் அதுவரை பொறுக்குமா?

மீண்டும் இப்படிப் பட்டியல் வெளியிட்டால், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சொந்த நிலமா, குத்தகை நிலமா, குத்தகை எவ்வளவு ஏறியது என்பதையும் விசாரித்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்