மருந்து தொடங்கும் முன்பே கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் பற்றிய உங்கள் கட்டுரையில், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுத் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. எப்போது கேட்பது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

என் அம்மாவுக்கும் முடக்குவாதம்தான். வாரம் ஒருமுறை எடுத்த மெத்தோட்ரெக்ஸேட் போதாமல் ரிடுக்ஸிமாப் ஏற்றினார்கள். இரண்டுமே எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகள். அதற்கு முன் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் நடந்தது. தடுப்பூசி பற்றி யாரும் பேசவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு மாதம் கழித்து நானே கூட்டிப்போய் ஃப்ளூ ஊசியும் நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசியும் போட வைத்தேன். பிறகு பார்த்த மருத்துவர், "ஃப்ளூ ஊசி சரி, சீசனைத் தவறவிடக் கூடாது. மற்றதை மருந்து ஏற்றுவதற்கு முன்னாடியே போட்டிருக்கணுமே அம்மா" என்றார். ரிடுக்ஸிமாப், பி செல்கள் எனும் ரத்த வெள்ளை அணுக்களை அழித்துவிடுகிறது. கிருமியோடு போராடும் எதிர்ப்பொருள் உருவாவது அவற்றிலிருந்துதான். அதனால் மருந்து ஏறி ஆறு மாதமாவது ஊசிக்கு உடம்பு சரியாகப் பதில் தராது. அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை.

தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் ஊசிகளின் விஷயம் இதைவிடக் கறாரானது. அவற்றில் இருப்பது உயிருள்ள, வலுவிழந்த கிருமி. இத்தகைய மருந்துகளைத் தொடங்கிய பிறகு பொதுவாக அவற்றைப் போடுவதில்லை. தினம் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிசோலோன் எனும் ஸ்டீராய்டு மருந்தை இரண்டு வாரமோ அதற்கு மேலோ எடுப்பவர்களுக்கும் இதே கட்டுப்பாடுதான். ஆகவே தேவையானால் சில வாரங்கள் முன்பே போட்டுவிட வேண்டும்.

இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டு, "இந்த மருந்து எடுத்தால் எந்த ஊசியும் ஆகாது" என்று பயந்து ஒதுங்குபவர்களும் இருக்கிறார்கள். அது தவறு. ஃப்ளூ ஊசி, நிமோகாக்கல், ஹெபடைடிஸ் பி இவற்றில் உயிருள்ள கிருமி கிடையாது. பலன் சற்றுக் குறையலாம், ஆனால் அவற்றால் அந்த நோய் வராது. ஃப்ளூ ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு, நோய் கட்டுக்குள் இருந்தால் மட்டும். தயவுசெய்து யாரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம், மூட்டு வலி மீண்டும் கிளம்பிவிடும்.

மருந்து எழுதித் தரும் அன்றே தடுப்பூசிக் கணக்கையும் பார்க்கும் வழக்கம் எல்லா மருத்துவமனைகளிலும் வர வேண்டும். அம்மாவுக்கு அடுத்த முறை ரிடுக்ஸிமாப் ஏற்ற வேண்டிய நாள் நெருங்கியபோது நாங்களே கேட்டோம். விடுபட்டிருந்த ஹெபடைடிஸ் பி ஊசியை முதலில் போட்டு, இரண்டு வாரம் கழித்து மருந்து ஏற்றினார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி