‘மக்கர்’ வந்த வழி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வெளியான பேச்சுவழக்குச் சொற்கள் பற்றிய கட்டுரை, ‘மக்கர்’ என்பதை ‘மக்குதல்’ என்ற வினையோடு சேர்த்திருந்தது. மக்கிய பொருள் மீண்டு வராது. மக்கர் பண்ணும் வண்டியோ நாலு உதை உதைத்தால் கிளம்பிவிடும்.

போன மாதம் ஆற்காட்டிலிருந்து இராணிப்பேட்டைக்குப் போகையில், பாலாற்றுப் பாலத்தின் நடுவே என் மொபெட் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த கடையில், பிளக்கைக் கழற்றிக் கரியை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே மெக்கானிக் சொன்னார்: “கெட்டெல்லாம் போகல சார், சும்மா மக்கர் பண்ணுது.” முடிந்தும் முரண்டு பிடிப்பதற்கே இந்தச் சொல் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அரபியில் ‘மக்ர்’ என்றால் சூழ்ச்சி, வஞ்சகம். பாரசீகம் வழியே உருதுவுக்கு வந்த அச்சொல்லுக்கு அங்கே பாசாங்கு என்ற பொருளும் உண்டு. நாங்கள் மேல்விசாரத்தில் குடியிருந்தபோது, வயிற்றுவலி என்று பள்ளிக்கு மட்டம்போடப் பார்த்த மகனைப் பக்கத்து வீட்டு அம்மாள் “மக்கர் நக்கோ” (பாசாங்கு வேண்டாம்) என்று உருதுவில் அதட்டுவது சுவர் தாண்டிக் கேட்கும். பிள்ளையிடம் கண்ட பாசாங்கை ஏற்றத்தில் படுத்துக்கொள்ளும் மாட்டிடமும், பிறகு மோட்டாரிடமும் நம்மவர்கள் கண்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1801-இல் ஆட்சி கும்பெனியின் கைக்குப் போகும்வரை ஆற்காட்டு நவாபுகளின் கச்சேரிகளில், அதாவது அரசு அலுவலகங்களில், பாரசீகமே எழுத்து மொழி. வசூல், பாக்கி, ஜப்தி எல்லாம் அந்த வழி வந்தவை. மக்கர் மட்டும் கச்சேரிப் படி ஏறாமல், இப்படிச் சுவர் தாண்டியே வந்திருக்கும் என்று தோன்றுகிறது.

‘தகராறு’ம் இப்படித்தான். அரபியில் திரும்பத் திரும்பச் சொல்லுதல், உருதுவில் வாக்குவாதம், நம்மிடம் சண்டை. இப்போது கிணற்று மோட்டாரும் தகராறு செய்கிறது.

தமிழ் வேரைத் தேடிய கட்டுரையாளரின் ஆசை எனக்குப் புரிகிறது. அவருக்கு வேண்டியது ‘பழுது’ என்ற சொல்லில் இருக்கிறது. “பழுதெண்ணும் மந்திரியின்” என்று தொடங்கும் குறளில் (639) அது அமைச்சன் மன்னனுக்கு நினைக்கும் தீங்கைக் குறிக்கிறது. இன்று தையல் இயந்திரத்துக்கும் தெருவிளக்குக்கும் வழங்குகிறது. மனிதனின் தீங்கைக் கருவியின் மேல் ஏற்றிச் சொல்ல நமக்கு நவாபு தேவைப்படவில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஆற்காடு.