‘பிடிக்கல’ என்று எழுதினாலும் அப்படியே ஒட்டுங்கள்

சிறார் வாசிப்பு வட்டம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து எழுதவைக்கும் பெற்றோருக்கும்,

வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாவலைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் எழுதித் தரும் கருத்தை நீங்கள் திருத்துகிறீர்கள். தயவுசெய்து திருத்தாதீர்கள். கேட்க வந்தது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் எழுதிய நூல் அறிமுகங்களைத் தேடிப் படிப்பது என் வழக்கம். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. முதல் வரியில் நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும். அப்புறம் நான்கைந்து வரியில் கதைச்சுருக்கம். அப்புறம் ‘இக்கதையின் மூலம் நாம் அறிவது யாதெனில்’ என்று ஒரு நீதி. கடைசியில் ‘அனைவரும் படித்துப் பயன்பெற வேண்டிய நூல்’. எழுதியது ஒன்பது வயதுப் பையனா, பதினைந்து வயதுப் பெண்ணா, அவர்களுடைய ஆசிரியரா என்று கண்டுபிடிக்கவே முடியாது. நூலின் பெயரை மட்டும் மாற்றிப்போட்டாலும் பாதி வரிகள் கச்சிதமாகப் பொருந்தும்.

பிள்ளைகள் இப்படியா பேசுகிறார்கள்? தங்களுக்குள் ஒரு நாவலைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் காதைக் கொடுத்துப் பாருங்கள். “அந்த அண்ணன் கேரக்டர் சுத்த வேஸ்ட்.” “புதையல் கிடைச்சப்புறம் எதுக்கு இன்னும் ரெண்டு அத்தியாயம்?” “எனக்கென்னவோ வில்லன் சொன்னதுதான் சரின்னு தோணுச்சு.” முதலாவது பாத்திரப் படைப்பைப் பற்றிய விமர்சனம். இரண்டாவது கதையின் கட்டுமானத்தைப் பற்றியது. மூன்றாவதைச் சொல்ல வளர்ந்த விமர்சகர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். எழுது என்று தாளை நீட்டியதும் மூன்றும் எங்கோ ஓடி ஒளிந்துகொள்கின்றன.

ஒரு தாளைப் பற்றிச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதுப் பெண் எழுதியது. ஒரு பையனும் அவன் வளர்க்கும் நாயும் வரும் நாவல். பாதிக் கதையில் நாய் இறந்துவிடும். அவள் முதலில் பென்சிலில் எழுதியிருந்தது இது: “நாய் செத்ததும் புக்கை மூடி வச்சுட்டேன். ரொம்ப நாள் தொடல. அப்புறம் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தேன், புது நாய் வாங்கிடுவாங்களோன்னு. வாங்கல. அதனாலதான் திரும்ப எடுத்துப் படிச்சேன். ஆனா அவன் அப்பா ஒரு தடவைகூட அழல. அது எனக்குப் புரியல.” அறிவிப்புப் பலகைக்குப் போனபோது அது இப்படி ஆகியிருந்தது: “வாயில்லா ஜீவன்களிடம் அன்பு காட்ட வேண்டும் என்பதை இந்நாவல் நமக்கு உணர்த்துகிறது. ஆசிரியர் மிக அருமையாக எழுதியுள்ளார்.” பேனாவில், அடித்தல் திருத்தல் இல்லாமல், அவள் கையாலேயே எழுதியிருந்தாள்.

என்னவெல்லாம் போய்விட்டது பாருங்கள். எந்த இடத்தில் கதை அவளை அடித்தது, எங்கே அவளுக்கு நம்பிக்கை விட்டுப்போனது, எதைச் சரிபார்த்துக்கொண்டு திரும்பி வந்தாள் என்ற தடயங்கள் எல்லாமே போயின. கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பதைக் கெட்ட பழக்கம் என்பார்கள். அவள் செய்தது வேறு. இந்த எழுத்தாளர் என்னை மலிவாகச் சமாதானப்படுத்தப் பார்க்கிறாரா என்று உளவு பார்த்திருக்கிறாள். செத்த நாய்க்குப் பதிலாக இன்னொரு நாய்க்குட்டி வந்திருந்தால் அந்த நாவல் அவளிடம் தோற்றுப்போயிருக்கும். ஒரு கதையின் முடிவை இதைவிடக் கறாராக எடைபோட முடியுமா என்று தெரியவில்லை. அப்பா ஏன் அழவில்லை என்ற கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்கப் பேசலாம். அந்த நாவலை எழுதியவர் கையில் அவளுடைய பென்சில் தாள் கிடைத்திருந்தால் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்.

இதன் அருமை பதிப்பாளர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. 1936இல் லண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினிடம் டோல்கீன் எழுதிய ‘தி ஹாபிட்’ என்ற சிறார் நாவலின் கைப்பிரதி வந்தபோது, படித்துக் கருத்துச் சொல்லும் வேலையைத் தன் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்தார். கூலி ஒரு ஷில்லிங். பையன் எழுதிய அறிக்கை சின்னது, எழுத்துப்பிழைகள் வேறு. வரைபடங்கள் இருந்தால் போதும், படங்கள் தேவையில்லை என்றான். ஐந்திலிருந்து ஒன்பது வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும் என்றான். கவனியுங்கள், அவனுக்கு வயது பத்து! ‘சின்னப் பசங்க சமாச்சாரம்’ என்று நாசூக்காக ஒதுங்கிக்கொள்ளும் அந்த மிடுக்கு அந்த வயதுக்கே உரியது. அடுத்த ஆண்டே புத்தகம் வந்தது, அவன் தேவையில்லை என்ற படங்களோடு. கருத்துக் கேட்டால் சொன்னபடியெல்லாம் நடந்தாக வேண்டும் என்றில்லை, கேட்டால் போதும். அந்த அறிக்கையை இன்றும் பிழைகளோடுதான் எடுத்துக்காட்டுகிறார்கள். யாராவது அதை ஒழுங்குபடுத்தி ‘சாகச உணர்வைத் தூண்டும் நல்ல நூல்’ என்று மாற்றியிருந்தால் நான் இங்கே அதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

சரி, திருத்தாமல் விட்டால் ‘சூப்பர்’, ‘போர்’ என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடுகிறார்களே என்பீர்கள். உண்மைதான். அதற்கு வழி, நல்ல கேள்வியாகக் கேட்பது. இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்து இளையோர் நாவலாசிரியரான எய்டன் சேம்பர்ஸ், பிள்ளைகளோடு புத்தகம் பேசுவது எப்படி என்று 1993இல் ஒரு நூலே எழுதினார். ‘ஏன்’ என்று கேட்பதைத் தவிர்க்கச் சொல்கிறார் அவர். ‘ஏன் பிடிச்சுது?’ என்று பெரியவர் ஒருவர் கேட்டால் பிள்ளைக்குப் பரீட்சை ஞாபகம் வந்துவிடும். ‘அதைப் பத்திச் சொல்லேன்’ என்றால் பேச்சு வரும். அடிப்படையாக நான்கு விஷயங்களைக் கேட்கச் சொல்கிறார்: பிடித்தது, பிடிக்காதது, குழப்பியது, திரும்பத் திரும்ப வந்ததாகக் கண்ணில் பட்டது. என்னைக் கேட்டால் மூன்றாவதில் தொடங்குவேன். பிடித்ததைச் சொல் என்றால் பல பிள்ளைகள் முதலில் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். எங்கே குழம்பினாய் என்றால் உடனே பக்கத்தைப் புரட்டத் தொடங்குகிறார்கள்.

நட்சத்திரம் கொடுக்கச் சொல்வதையும் விட்டுவிடலாம். ஐந்துக்கு நான்கு என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. கொடுத்தே தீருவேன் என்று அடம்பிடித்தால், “அந்த மிச்சம் ஒண்ணு எங்கே போச்சு?” என்று கேளுங்கள். எழுத வேண்டியது அங்கேதான் இருக்கும்.

முழுதாகப் படித்து முடிக்காத பிள்ளைக்குக் கருத்துச் சொல்லத் தகுதியில்லை என்ற விதியைப் பல இடங்களில் பார்க்கிறேன். இது யார் போட்ட விதி? பிரான்ஸில் பல்லாண்டு ஆசிரியராக இருந்த எழுத்தாளர் டேனியல் பென்னாக், 1992இல் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டார். முதல் உரிமை படிக்காமலே இருப்பது. இரண்டாவது பக்கங்களைத் தாண்டிப் போவது. மூன்றாவது பாதியில் விடுவது. உங்கள் வட்டத்தில் ஒரே நாவலை ஏழெட்டுப் பேர் பாதியில் விட்டிருந்தால், எந்தப் பக்கத்தில் மூடினாய் என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் குறித்து வையுங்கள். பலரும் ஒரே இடத்தில் மூடியிருந்தால் குறை பிள்ளைகளிடம் இல்லை. அந்தப் பத்தாவது உரிமையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கோரிக்கைக்கும் அது ஒரு கடிவாளம்: பேசாமல் இருப்பது. படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போகும் பிள்ளையைப் பிடித்து உட்காரவைக்காதீர்கள். சில புத்தகங்களைப் பற்றிப் பேச வருடங்கள் ஆகும்.

பதின்பருவத்தினர் கதை வேறு. சிறு பிள்ளை உங்களைத் திருப்திப்படுத்த எழுதும். பதினைந்து வயதுக்காரர் உங்களிடம் வாயே திறக்க மாட்டார். காரணம் இருக்கிறது. அவர்கள் படிக்கும் நாவல்களில் காதல் வருகிறது, உடல் வருகிறது, வீட்டுச் சண்டையும் சாவும் வருகின்றன. கதாநாயகி வீட்டை விட்டு ஓடியது சரிதான் என்று ஒரு மாணவி எழுதினால், அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போன் போகிறது. அப்புறம் எப்படி எழுதுவாள்? ‘குடும்பத்தின் அருமையை உணர்த்தும் நாவல்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்வாள். நாவலைப் பற்றிச் சொன்ன கருத்தைச் சொந்த வாழ்க்கையைப் பற்றிய வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்மையிலேயே கவலைப்பட ஏதாவது இருப்பதாகத் தோன்றினால் அந்தத் தாளைக் காட்டாமல், வேறொரு நேரத்தில், தனியாகப் பேசுங்கள்.

இந்த வயதுக்காரர்களின் அதிருப்தி லேசுப்பட்டதல்ல. பள்ளியில் தான் கண்ணால் பார்த்த வாழ்க்கை, தன் வயதுக்கென்று எழுதப்பட்ட புத்தகங்களில் இல்லையே என்ற எரிச்சலில்தான் அமெரிக்காவில் எஸ்.இ. ஹின்டன் பதினைந்து வயதில் எழுதத் தொடங்கினார். அந்த நாவல், ‘தி அவுட்சைடர்ஸ்’, 1967இல் வெளிவந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. எல்லாருக்கும் நாவல் எழுத வராது. ஒரு தாள் எழுத வரும்.

தொடர்கதைப் புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ‘அதே மந்திரவாதி, அதே டிராகன், இதைப் பற்றி என்ன கருத்து வேண்டிக்கிடக்கிறது’ என்று சலித்துக்கொள்கிறீர்கள். ஆனால் மூன்றாம் பாகத்தில் சொன்னதும் ஏழாம் பாகத்தில் சொன்னதும் இடிக்கிறது என்று பக்க எண்ணோடு சண்டை போடுவது அந்த வாசகர்கள்தான். ஆதாரம் காட்டி வாதாடக் கற்றுக்கொடுக்க நீங்கள் படாத பாடு படுகிறீர்கள். அவர்கள் அதைச் சும்மா பொழுதுபோக்காகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இஷ்டத்துக்கு எழுத விட்டால் எழுத்தாளரைப் புண்படுத்திவிடுவார்களே? ஒரே ஒரு விதி வையுங்கள்: புத்தகத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், எழுதியவரின் ஆளைப் பற்றிப் பேசக் கூடாது. முடிவைப் போட்டு உடைக்கக் கூடாது என்ற விதியை நீங்கள் வைக்கத் தேவையில்லை, அதில் பிள்ளைகள் உங்களைவிடக் கண்டிப்பு. விமர்சனப் போட்டியும் பரிசும் வேண்டாம். பரிசு என்றதும் நடுவருக்கு எது பிடிக்கும் என்ற கணக்கு வந்துவிடும். ஒட்டும் இடம் பொது இடமானால் முதல் பெயரும் வயதும் போதும், புனைபெயர் என்றால் இன்னும் நல்லது. புகைப்படம், பள்ளிப் பெயர் எதற்கு? பதினொரு வயதில் எழுதியதைப் பதினாறு வயதில் எடுத்துவிடச் சொன்னால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுங்கள்.

அந்தக் கருத்துகள் சுவரோடு நின்றுவிடவும் கூடாது. ஜெர்மனியின் இளையோர் இலக்கியப் பரிசு 1956இல் தொடங்கியது. 2003இலிருந்து பதின்பருவ வாசகர்கள் அடங்கிய நடுவர் குழுவும் தனியாக ஒரு பரிசு தருகிறது. நெதர்லாந்தில் 1988இலிருந்து பிள்ளைகளே வாக்களித்துச் சிறந்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், அதற்கு உரிய மதிப்பைப் பெறவும் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை சொல்கிறது. அவ்வளவு பெரிதாகக்கூடப் போக வேண்டாம். அடுத்த முறை நூலகத்துக்கோ வகுப்புக்கோ சிறார் நாவல்கள் வாங்கப் பட்டியல் போடும்போது, அந்தத் தாள்களை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு போடுங்கள். ஒரு பிள்ளை சொல்லி ஒரு புத்தகம் வாங்கப்பட்டால் அதைச் சொன்னவரிடம் தெரிவியுங்கள். வாங்க முடியாமல் போனாலும் காரணத்தைச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பேனா கை பரபரத்தால் ஒரு வழி இருக்கிறது. பிள்ளையின் தாளைத் தொடாமல், அதே நாவலை நீங்களும் படித்துவிட்டு, உங்கள் கருத்தை உங்கள் பெயரில் எழுதிப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். எங்கே சலித்தது, எந்த இடத்தில் தாண்டிப் போனீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். கீழே கொஞ்சம் காலி இடம் விடுங்கள். உங்கள் கருத்துக்கு அவர்கள் பதில் எழுதுவார்கள்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் பென்சில் தாள்களைத் தேடிப் படிக்கும் ஒரு வாசகர்